ஏழு தட்டுகளும் ஒரு சிறுநீரகமும்: ஆமர்ஷாம் மோப்ப நாய் சோதனை, ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கிறது ஆமர்ஷாம் மருத்துவமனை. அங்கிருந்த ஆய்வுக் குழு ஒன்று, சிறுநீரை முகர்ந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்க ஆறு நாய்களுக்கு ஏழு மாதம் பயிற்சி கொடுத்தது. பிறகு கறாரான ஒரு தேர்வு வைத்தது. முடிவு 2004 செப்டம்பர் 25 அன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. 54 முறை கேட்டதற்கு 22 முறை நாய்கள் சரியான மாதிரியைக் காட்டின. அதாவது 41 சதவீதம்.

நாய் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களை நம்பி வருபவருக்கு இந்த எண் ஏமாற்றம் தரும். பாதிக்கு மேல் தவறு. ஆனால் மோப்ப வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆய்வுகளில் இதைப் போலக் கற்றுத்தருவது வேறில்லை. அந்த 41 எப்படி வந்தது, அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது, எதை அது சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், நாயின் மூக்கைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட அந்த மூக்கிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதை அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு மச்சத்தில் தொடங்கியது

1989-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள் ஹைவல் வில்லியம்ஸ், ஆண்ட்ரெஸ் பெம்ப்ரோக் இருவரும் லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார்கள். 44 வயதுப் பெண் ஒருவர் காலில் இருந்த மச்சத்தைக் காட்ட வந்திருந்தார். அவரை வரவழைத்தது அவருடைய நாய். பார்டர் கோலியும் டாபர்மேனும் கலந்த அந்த நாய் மாதக்கணக்கில் அந்த ஒரு மச்சத்தை மட்டும் முகர்ந்துகொண்டே இருந்தது. கால்சட்டை போட்டிருந்தாலும் துணிக்கு மேலாகவே முகரும். உடம்பில் இருந்த மற்ற மச்சங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒருநாள் அவர் அரைக்கால் சட்டை போட்டிருந்தபோது அந்த மச்சத்தைக் கடித்து எடுக்கவே பார்த்தது. வெட்டி எடுத்துச் சோதித்தபோது அது மெலனோமா, தோல் புற்றுநோய்களில் ஆபத்தான வகை.

2001-இல் அதே இதழில் இன்னொரு கடிதம் வந்தது. இதை எழுதியவர்களில் ஒருவர் ஜான் சர்ச் என்ற எலும்பு அறுவை மருத்துவர். இந்த முறை பார்க்கர் என்ற லாப்ரடார், தன் எஜமானரின் தொடையில் எக்ஸிமா என்று நினைத்திருந்த இடத்தை விடாமல் முகர்ந்தது. அதுவும் புற்றுநோய்தான். வெட்டி எடுத்த பிறகு பார்க்கர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

இப்படிப்பட்ட கதைகள் மனதைத் தொடும், ஆனால் ஆதாரம் ஆகாது. ஒன்றுமில்லாத மச்சத்தை முகர்ந்த நாயைப் பற்றி யாரும் லான்செட்டுக்குக் கடிதம் எழுதப் போவதில்லை. எத்தனை நாய்கள் தவறாக முகர்ந்தன என்று தெரியாதவரை, சரியாக முகர்ந்த ஒன்றிரண்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. இது ஜான் சர்ச்சுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் கரோலின் வில்லிஸ் தலைமையில் ஆமர்ஷாமில் ஒரு சோதனைக்கு ஏற்பாடானது. நாய்களைப் பழக்கும் பொறுப்பு, காது கேளாதோருக்கு உதவும் நாய்களைத் தயார் செய்துவந்த கிளேர் கெஸ்ட், ஆண்ட்ரூ குக் ஆகியோரிடம் போனது.

தேர்வு எப்படி நடந்தது

சிறுநீர்ப்பைப் புற்றுநோயைத் தேர்ந்தெடுத்ததற்கு நேரடியான காரணம் உண்டு. கட்டியில் இருந்து கழியும் பொருட்கள் சிறுநீரில்தான் நேராகக் கலக்கும். மாதிரி எடுக்க ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம்.

ஆறு நாய்கள்: மூன்று காக்கர் ஸ்பேனியல், ஒரு பப்பிலான், ஒரு லாப்ரடார், ஒரு கலப்பின நாய்.  36 நோயாளிகளிடம் சிறுநீர் வாங்கினார்கள். அதில் 27 பேருடையது பயிற்சிக்கு, 9 பேருடையது இறுதித் தேர்வுக்கு. ஒப்பிட்டுப் பார்க்க 108 பேருடைய மாதிரிகள், பாதி பயிற்சிக்கு, பாதி தேர்வுக்கு.

இந்த 108 பேர் யார் என்பதில்தான் ஆய்வின் உழைப்பு தெரிகிறது. புற்றுநோயாளியின் சிறுநீருக்கு எதிரே ஆரோக்கியமான இளைஞர்களின் சிறுநீரை மட்டும் வைத்தால் நாய் சுலபமாகப் பிரித்துவிடும். ஆனால் எதை வைத்துப் பிரித்தது? சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் சிறுநீரோடு இரத்தம் போவது வழக்கம். நாய் இரத்தத்தை முகர்ந்திருக்கலாம். கிருமித்தொற்றின் வாடையாக இருக்கலாம். வயது முதிர்ந்தவர்களின் மாத்திரை வாடையாகக்கூட இருக்கலாம். அதனால் ஒப்பீட்டுக் குழுவில் ஆரோக்கியமானவர்களோடு மற்ற நோய் உள்ளவர்களையும் சேர்த்தார்கள். இரத்தம் இருக்கிறது, ஆனால் புற்றுநோய் இல்லை என்ற நிலையை நாய் சந்தித்தே ஆக வேண்டும். முடிவுகளை அலசியபோது, சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியும் இரசாயனங்களை வைத்து நாய்கள் முடிவெடுக்கவில்லை என்றே புள்ளிவிவரம் காட்டியது.

தேர்வு நாளில் ஏழு தட்டுகள் வரிசையாக இருக்கும். ஒன்றில் நோயாளியின் மாதிரி, ஆறில் மற்றவர்களுடையது. நாய் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போகும், சில சமயம் திரும்பி வந்து இன்னொரு முறை முகரும், அப்புறம் ஒரு தட்டின் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். படுத்தால் அதுதான் அதன் விடை. குரைக்கக் கூடாது, பிராண்டக் கூடாது. ஒவ்வொரு நாய்க்கும் இப்படி ஒன்பது சுற்று. எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பது பயிற்சியாளருக்கும் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்பவருக்கும் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாலும் ஏழில் ஒன்று சரியாக அமையும், அதாவது 14 சதவீதம். நாய்கள் எடுத்தது 41. தற்செயலைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. டாங்கிள், பிட்டி என்ற இரண்டு நாய்கள் ஒன்பதில் ஐந்து முறை சரியாகப் படுத்தன.

அதே சமயம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 54 தேர்வு என்றாலும் அதன் அடியில் இருப்பது ஒன்பது நோயாளிகள்தான். அதே ஒன்பது மாதிரிகளை ஆறு நாய்களும் முகர்ந்தன. அதனால்தான் உண்மையான திறன் 23 முதல் 58 சதவீதத்துக்குள் எங்கேயும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். கட்டுரைக்கும் ‘கொள்கையளவில் இது முடியும் என்பதற்கான சான்று’ என்ற அளவில்தான் பெயர் வைத்தார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. 

ஈரமும் காய்ந்ததும்

41 என்பது சராசரி. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் சுவாரசியம். நான்கு நாய்களுக்கு ஈரமான சிறுநீரைக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள், இரண்டு நாய்களுக்குக் காய்ந்த மாதிரியை. ஈரத்தில் பழகிய நான்கும் சேர்ந்து 50 சதவீதம், காய்ந்ததில் பழகிய இரண்டும் சேர்ந்து 22 சதவீதம். 36-க்கு 18, அந்தப் பக்கம் 18-க்கு 4.

இது ஏன் என்று புரிய, நாயின் மூக்குக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

வாசனை என்பது காற்றில் பறக்கும் மூலக்கூறுகள். பறக்காத பொருளுக்கு வாசனை இல்லை. சிறுநீர் காயும்போது எளிதில் ஆவியாகும் சேர்மங்கள்தான் முதலில் பறந்துவிடும். மிச்சம் இருப்பது கனமான சேர்மங்களும் உப்பும். புற்றுநோயின் வாடையைத் தாங்கியிருப்பது அந்த முதலில் பறந்த சேர்மங்களாக இருந்தால், காய்ந்த தட்டை முகரும் நாய்க்குக் கிடைப்பது பாதிக் கேள்விதான்.

நாய் மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து முறை அளவில் காற்றை உறிஞ்சி உறிஞ்சி விடும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேரி செட்டில்ஸ், ப்ரெண்ட் க்ரேவன் குழுவினர் நாயின் மூக்கை ஸ்கேன் எடுத்து, அதற்குள் காற்று ஓடும் பாதையைக் கணினியில் வரைந்து காட்டியிருக்கிறார்கள். உள்ளே போகும் காற்றில் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போக, எட்டில் ஒரு பங்கு அளவு தனிப் பாதையில் மேலே ஏறி மூக்கின் பின்புறம் ஒரு குகைக்குள் நுழைகிறது. வாசனை உணரும் செல்கள் அங்கேதான் மடிப்பு மடிப்பாக இருக்கின்றன. வெளியே விடும் மூச்சு அந்தக் குகையைக் கலைப்பதில்லை. மூக்குத் துவாரத்தின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் பின்பக்கம் பீய்ச்சுகிறது. அதனால் முன்னால் இருக்கும் வாசனை கலையாமல் இருக்கும், அடுத்த உறிஞ்சலில் புதிய காற்றும் வந்து சேரும். நம் மூக்கில் இந்தத் தனி அறை இல்லை.

அந்தச் செல்களில் வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகளின் வகையை எண்ணினால் நாய்க்குச் சுமார் 800, மனிதனுக்குச் சுமார் 400. இரண்டு மடங்குதான். நாய்க்கு நம்மைவிட இத்தனை லட்சம் மடங்கு மோப்பசக்தி என்று எழுதுபவர்கள் இதைச் சொல்வதில்லை. வித்தியாசம் பெரும்பாலும் செல்களின் எண்ணிக்கையிலும், அவை பரவியிருக்கும் பரப்பிலும், காற்றைக் கொண்டுசேர்க்கும் அந்தப் பாதையிலும் இருக்கிறது. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக்குக்கும் ரிச்சர்ட் ஆக்செலுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 2004 அக்டோபர் 4 அன்று, ஆமர்ஷாம் கட்டுரை வந்து ஒன்பதாவது நாள்.

ஆக, 50-க்கும் 22-க்கும் இடையில் இருப்பது நாயின் குறை என்று நான் நினைக்கவில்லை. தட்டில் எதை வைத்தோம் என்பதுதான். ஆனால் ஒரு பக்கம் நான்கு நாய், மறுபக்கம் இரண்டே நாய் என்பதால் இதையும் ஓரளவுக்கு மேல் அழுத்திச் சொல்ல முடியாது.

ஆறு நாய்களும் சேர்ந்து செய்த ‘தவறு’

இனி இந்த ஆய்வின் மையத்துக்கு வருவோம். இது நடந்தது இறுதித் தேர்வில் அல்ல, பயிற்சிக் காலத்தில்.

ஒப்பீட்டுக் குழுவில் ஒருவர். சேர்ப்பதற்கு முன்பே அவருக்குச் சிஸ்டோஸ்கோபி செய்து சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்திருந்தார்கள். அல்ட்ராசவுண்ட் எடுத்திருந்தார்கள். எதிலும் புற்றுநோய் இல்லை. அவருடைய மாதிரி ‘நோய் இல்லை’ என்ற பெயரில் வரிசைக்கு வந்தது. ஒரு நாய் அதன் பக்கத்தில் படுத்தது. தவறு என்று குறித்துக்கொண்டார்கள். இன்னொரு நாயும் படுத்தது. கடைசியில் ஆறு நாய்களும் தயக்கமே இல்லாமல் அதே மாதிரியைத்தான் காட்டின.

பழக்குபவர்களுக்கு இது தர்மசங்கடமான நிலை. தவறான தட்டின் பக்கத்தில் படுக்கும் நாய்க்குப் பரிசு கொடுக்க முடியாது. கொடுக்காமல் விட்டால், நாய் சரியாகச் சொல்லியிருந்தாலும், ‘இந்த வாடை வேண்டாம்’ என்று அதற்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். பரிசு எங்கே விழுகிறதோ அதைத்தான் நாய் கற்கும். நம் ஏட்டில் இருக்கும் விடை தவறு என்றால் தவறைத்தான் கற்றுக்கொடுப்போம்.

விஷயம் மருத்துவரிடம் போனது. அவர் அதை அலட்சியம் செய்யாமல் அந்த நபருக்கு மேலும் பரிசோதனைகள் செய்தார். வலது சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது.

எப்படித் தவறியது? சிஸ்டோஸ்கோபி கேமரா பார்ப்பது சிறுநீர்ப்பையின் உட்புறத்தை மட்டும்தான். நாய்களோ சிறுநீரை முகர்கின்றன, அது சிறுநீரகத்திலிருந்தே வருகிறது. இதில் இன்னொரு நுணுக்கம்: சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து சேரும் பகுதியிலும், அங்கிருந்து இறங்கும் குழாயிலும், சிறுநீர்ப்பையிலும் உட்பூச்சாக இருப்பது ஒரே வகைத் திசு. இவருக்கு இருந்ததும் அந்தத் திசுவில் வரும் அதே வகைப் புற்றுநோய்தான். சிறுநீர்ப்பைக் கட்டியின் வாடையைப் பழகிய நாய், மேல்மாடியில் இருந்த அதே வகைக் கட்டியையும் காட்டியதில் தர்க்கம் இருக்கிறது.

இந்தச் சம்பவம் பலமுறை அற்புதமாகச் சொல்லப்பட்டுவிட்டது. எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது அந்த ஆறு என்ற எண். ஒரு நாய் மட்டும் படுத்திருந்தால் மருத்துவரை அழைத்திருக்க மாட்டார்கள், அழைத்திருக்கவும் கூடாது. தேர்வில் பாதிக்கு மேல் தவறு செய்த நாய்கள் இவை. ஒவ்வொரு தவறுக்கும் ஒருவரைக் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்தால், ஆரோக்கியமான மனிதர்களைத் தூக்கமில்லாமல் ஆக்குவதுதான் மிச்சம். ஒரே மாதிரியில் எல்லாம் ஒத்துப்போனதுதான் இங்கே செய்தி.

விடையே இல்லாத வரிசை

ஆமர்ஷாம் தேர்வில் ஒரு சலுகை இருந்தது. ஏழு தட்டில் ஒன்று நிச்சயம் நோயாளியுடையது. நாய் எப்போதும் ஏதோ ஒன்றின் பக்கத்தில் படுக்கலாம். நிஜ வாழ்க்கை அப்படி இல்லை. நூறு பேர் வரிசையில் வந்து ஒருவருக்கும் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அப்போது ‘எதுவும் இல்லை’ என்று சொல்லத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்து மோப்ப வேலையில் இதைவிடக் கடினமான விடை கிடையாது.

இதை வேறொரு குழு நேரடியாகவே சோதித்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லிசா லிட்டும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. போதைப்பொருள், வெடிபொருள் தேடும் 18 நாய்களையும் அவற்றைக் கையாள்பவர்களையும் ஒரு தேவாலயக் கட்டடத்துக்கு அழைத்தார்கள். நான்கு அறைகள். சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது, அது இருக்கும் இடத்தில் பொருள் இருக்கிறது என்று கையாள்பவர்களிடம் சொல்லப்பட்டது. சில இடங்களில் நாயை இழுக்க சாசேஜும் டென்னிஸ் பந்தும் ஒளித்துவைத்தார்கள். போதைப்பொருளோ வெடிபொருளோ எந்த அறையிலும் இல்லை.

மொத்தம் 144 தேடல். எதையும் காட்டாமல் சரியாக முடிந்தவை 21 மட்டுமே. மீதி 123 தேடல்களில் சேர்த்து 225 முறை ‘இங்கே இருக்கிறது’ என்று வந்தது. அதுவும் சாசேஜ் இருந்த இடங்களைவிடச் சிவப்புக் காகிதம் இருந்த இடங்களில் அதிகம். சாசேஜ் நாயை இழுக்கும், காகிதம் மனிதனை இழுக்கும்.

நாய் உண்மையிலேயே உட்கார்ந்ததா, அல்லது கையாள்பவர் தான் எதிர்பார்த்ததைக் கண்டுவிட்டாரா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே நடக்கக்கூடியவை. பதில் தெரிந்த வாத்தியாரின் முகத்தைப் பார்த்தே விடையைச் சொல்லிவிடும் மாணவனைப் போல, நாயும் கயிற்றின் மறுமுனையில் இருப்பவரின் நடை தளர்வதை, மூச்சு மாறுவதைக் கவனிக்கும். 1907-இல் பெர்லினில் கணக்குப் போட்ட ஹான்ஸ் என்ற குதிரையிடம் உளவியலாளர் ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டறிந்ததும் இதைத்தான்.

நம் ஊர்ச் செய்திகளில் ‘மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை’ என்று ஒரு வரி தவறாமல் வரும். அதைத் தோல்வியாகவே படிக்கப் பழகிவிட்டோம். டேவிஸ் ஆய்வைப் படித்த பிறகு எனக்கு அந்த வரி வேறு மாதிரித் தெரிகிறது. வாடை நின்ற இடத்தில் நாயும் நின்றிருந்தால் அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதற்கு மேல் ஓடி யாரையாவது பிடித்திருந்தால்தான் பயப்பட வேண்டும்.

மருத்துவத்தில் இதன் கணக்கு இன்னும் கடுமை. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: 1,000 பேரில் 10 பேருக்கு நோய். நாய் அதில் 9 பேரைப் பிடித்துவிடுகிறது. நோயில்லாத 990 பேரில் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டும் தவறாகக் காட்டுகிறது. ஏறத்தாழ 50 பேர். நாய் காட்டிய 59 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான். மிக நல்ல நாய்க்கே இந்தக் கதி.

பிறகு

கிளேர் கெஸ்ட், ஜான் சர்ச் இருவரும் 2008-இல் மெடிக்கல் டிடெக்‌ஷன் டாக்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வேறொரு குழு புராஸ்டேட் புற்றுநோய்க்கு நாய்களைப் பழக்கி 2014-இல் வெளியிட்ட ஆய்வு தோல்விதான், ஆனால் அதை அவர்கள் வெளியிட்டதே பெரிய உதவி. பத்து நாய்களில் தொடங்கி இரண்டுதான் கடைசித் தேர்வு வரை வந்தன. பயிற்சியில் நன்றாகச் செய்த அந்த இரண்டும், முன்பின் முகராத புதிய மாதிரிகளைக் கொடுத்ததும் தடுமாறிவிட்டன. காரணம், ஒரே மாதிரிகளைத் திரும்பத் திரும்ப முகர்ந்ததில் அவை புற்றுநோயின் பொது வாடையைக் கற்கவில்லை, ஒவ்வொரு மனிதரின் சிறுநீரையும் தனித்தனியாக மனப்பாடம் செய்திருந்தன. நாய்க்கு அவ்வளவு நினைவாற்றல் இருக்கிறது. நாயிடம் ‘இதில் பொதுவாக என்ன இருக்கிறது’ என்று கேட்க வேண்டுமானால், ஒருமுறை முகர்ந்த மாதிரியை மறுபடி வைக்காத அளவுக்கு நூற்றுக்கணக்கான மாதிரிகள் வேண்டும். ஆமர்ஷாமில் பயிற்சிக்குக் கிடைத்தது 27 நோயாளிகள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

2021-இல் கெஸ்ட், சர்ச் தொடங்கிய நிறுவனமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த புராஸ்டேட் ஆய்வில் ஃப்ளோரின், மிடாஸ் என்ற இரண்டு நாய்கள் தீவிர வகைப் புற்றுநோய் மாதிரிகளில் 71 சதவீதத்தைச் சரியாகக் காட்டின. நோயில்லாத மாதிரிகளில் 70 முதல் 76 சதவீதத்தைச் சரியாக ஒதுக்கின. அதோடு நிற்காமல், 50 பேரின் சிறுநீரில் ஆவியாகும் சேர்மங்களையும் கிருமிகளையும் கருவிகளால் அளந்து, அந்தத் தரவில் செயற்கை நரம்பு வலையமைப்பு என்ற கற்கும் கணினி நிரல் ஒன்றையும் பழக்கிப் பார்த்தார்கள். நோயை அறிவிக்கும் வேலையை நாய்க்குக் கொடுக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. கருவி எதைத் தேட வேண்டும் என்று நாயிடமிருந்து தெரிந்துகொள்வதே நோக்கம். சிறுநீரில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் ஆவியாகின்றன. அவற்றில் எந்தக் கலவையை முகர்ந்து டாங்கிளும் பிட்டியும் படுத்தன என்பதற்கு வேதியியலாளர்களிடம் இன்னும் உறுதியான பட்டியல் இல்லை.